எருவுக்கு எந்த ஊர்?

கொல்லையிலே இரண்டு பாத்தி, மாடியிலே நாலு தொட்டி. அவற்றிலே கத்தரி, வெண்டை, தக்காளி, கைப்பிடி அரைக்கீரை! தோட்டம் இவ்வளவுதான். ஆனால் அந்தத் தோட்டத்துக்கு என்ன உரம் இடுவது என்று எழுந்திருக்கும் வழக்கோ, சட்டமன்ற விவாதத்தையும் மிஞ்சுகிறது!

"எருதான் உரம், மற்றதெல்லாம் நஞ்சு. உப்பைக் கொட்டினால் மண் செத்துப் போகும், அதிலே விளைந்ததைத் தின்கிறவனும் நோயிலே விழுவான்" என்கிறார் ஒருவர்.

"பழம்பெருமை பேசிப் பயனில்லை ஐயா! கூடை கூடையாகச் சாணியைக் கொட்டிவிட்டுக் குந்தியிருக்க எவருக்கு நேரம்? கொஞ்சம் யூரியா போடும். அடுத்த வாரமே இலையைப் பாரும்!" என்கிறார் மற்றவர்.

இருவரும் நல்லவர்கள். இருவர் பேச்சிலும் உண்மை உண்டு. ஆனால் இருவருமே ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள். தஞ்சையிலே இருப்பவர் மறக்கலாம். தென்காசியிலே இருப்பவர் மறக்கலாம். இராணிப்பேட்டையிலும் மேல்விசாரத்திலும், பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வாழ்கிற நாம் மறக்கலாமா? இது தோல் பதனிடும் வட்டாரம். பாலாற்றங்கரையிலே குடியிருந்துகொண்டு, காவிரியிலிருந்து குழாய்வழி வரும் தண்ணீருக்குக் குடம் பிடிக்கிறவர்கள் நாம்! இங்கே உரத்தைப் பற்றிப் பேசுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது எங்கிருந்து வந்தது?" என்பதுதான். இயற்கையா, செயற்கையா என்ற கேள்வி அதற்குப் பிறகே வர வேண்டும்.

முதலில் இரு கட்சியாரின் வாதத்தையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

செடிக்குப் படிக்கத் தெரியாது தோழரே! மூட்டையின்மேல் 'இயற்கை' என்று எழுதியிருக்கிறதா, 'இரசாயனம்' என்று எழுதியிருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. தழைச்சத்தை வேர் பெரும்பாலும் நைட்ரேட்டாகவும் அம்மோனியமாகவும்தான் உறிஞ்சுகிறது. சாணத்திலிருந்து வந்தாலும் அதே நைட்ரேட். ஆலையிலிருந்து வந்தாலும் அதே நைட்ரேட். யூரியாவேகூட முதலில் ஆலையிலே பிறந்த பொருளன்று. மாட்டின் சிறுநீரிலும் மனிதனின் சிறுநீரிலும் இருப்பதுதான் அது. உயிரினங்களின் பொருளை உயிரற்றவற்றிலிருந்து ஆக்கவே முடியாது, அதற்கென்று ஓர் 'உயிர்ச்சக்தி' வேண்டும் என்று ஐரோப்பியப் பண்டிதர்கள் சாதித்துக்கொண்டிருந்தார்கள். 1828இல் பிரீடரிக் வோலர் என்ற செருமானிய வேதியியலறிஞர், சிறுநீரகத்தின் துணையில்லாமல் ஆய்வுக்கூடத்திலேயே யூரியாவை ஆக்கிக் காட்டினார். ஆகவே, செயற்கை என்ற காரணத்தினாலேயே ஒன்று நஞ்சாகிவிடாது.

அதற்காக, யூரியாக் கட்சி வென்றுவிட்டது என்று மாலை வாங்கப் போய்விட வேண்டாம்! கணக்கைப் பார்ப்போம். யூரியாவிலே நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. மக்கிய தொழு உரத்திலோ ஏறக்குறைய அரைப் பங்கு. ஒரு கிலோ யூரியாவிலுள்ள தழைச்சத்தைத் தொழு உரத்திலே தேடினால் 92 கிலோ வேண்டும்! ஏக்கர்க்கணக்கிலே நெல் நடும் உழவனை யூரியா ஏன் கவர்ந்தது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும். அவனைப் பழிப்பது நியாயமாகாது. ஆனால் நாலு தொட்டித் தோட்டக்காரருக்கு இதே கணக்கு எதிர்ச்சாட்சி சொல்கிறது. அவருக்குத் தேவை சில கிராம். அவர் அள்ளிப் போடுவதோ ஒரு கைப்பிடி! வேர் கருகும். கருகாவிட்டால் இலை மட்டும் மதமதவென்று தழைத்து, பூவும் பிஞ்சும் குறையும். அசுவினிப் பூச்சி வந்து குடியேறும். மிஞ்சியது மண்வழியே இறங்கிக் கிணற்றுக்குப் போகும்.

மக்கிய எருவிலே அந்த ஆபத்துக் குறைவு. மெல்லக் கொடுக்கும். மணற்பாங்கான மண்ணுக்கு ஈரம் காக்கும் திறம் தரும். இறுகிய மண்ணை இளக்கும். மண்ணிலே வாழும் நுண்ணுயிர்க்குச் சோறு போடும். இந்த வேலைகளை யூரியா செய்யாது. எனவே வீட்டுத் தோட்டத்துக்கு எரு அடிப்படை. இரசாயன உரம், தேவைக்கேற்ற துணை. வேறு ஊராக இருந்தால் இத்துடன் தீர்ப்பெழுதிக் கையெழுத்திட்டுவிடலாம். நம் ஊரிலே முடியாது. ஏன் முடியாது என்பதை நம் வட்டாரத்தின் வரலாறே சொல்லும்.

இந்தியாவிலே முதன்முதல் இரசாயன உர ஆலை எங்கே எழுந்தது தெரியுமா? பம்பாயிலா? கல்கத்தாவிலா? இல்லை, நம் இராணிப்பேட்டையிலே! 1906இல், ஆண்டுக்கு 6,000 டன் சூப்பர் பாஸ்பேட் ஆக்கும் திறனோடு அது தொடங்கிற்று. இந்நாட்டு உரத் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் வரியிலே இராணிப்பேட்டையைத்தான் எழுதுகிறார்கள். பெருமைதான்!

அதே இராணிப்பேட்டையிலே இன்னோர் ஆலையும் இருந்தது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்பது பெயர். தோல் பதனிடுவதற்கான குரோமிய இரசாயனங்களை ஆக்கிற்று. 1990களின் நடுவிலே கதவைச் சாத்திற்று. அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல்! ஆலை போயிற்று, கழிவு மலை நின்றது. மழை பெய்யும்போதெல்லாம் அதன் மஞ்சள் நீர் நிலத்திலே இறங்கிற்று.

முன்னாளில் நம் பக்கத்துத் தோலை ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். நாள் பல ஆகும். ஆனால் பதமாக்கும் பொருள் செடியிலும் மரத்திலும் விளைந்தது. பிறகு குரோமியம் வந்தது. வாரக்கணக்கிலே நடந்த வேலை நாள்கணக்கிலே முடிந்தது. வெளிநாட்டுச் சந்தை விரிந்தது. பல்லாயிரம் குடும்பங்களிலே அடுப்பெரிந்தது. அதை மறுப்பார் யார்? ஆனால் வருமானம் வந்த வழியிலேயே வேறொன்றும் வந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கிலே, 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் ஆலைகள் சூழ்ந்த பகுதியிலே ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டதை அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டத்திலே ஊன்றி நிறுத்திய தீர்ப்பு அது. அந்தப் புகழுக்கு நாம் கொடுத்த விலைதான் 35,000 ஹெக்டேர்!

பிறகு? 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையிலே கழிவுக் கசடு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்து, பத்துப் பேர் அந்தக் கசட்டிலே மூழ்கி மாண்டார்கள். 2025 ஜனவரியிலே உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுங்கள், அதை மாசு செய்தவரிடம் வசூலியுங்கள் என்று மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுக்கு மேல்! வழக்குப் போட்டபோது பள்ளியிலே படித்த பிள்ளை, இன்று பேரப்பிள்ளை எடுக்கும் வயதை நெருங்குகிறான்.

இந்த மண்ணிலே நின்றுகொண்டுதான் கேட்கிறோம்: எருவா, யூரியாவா?

மாட்டின் சாணம் இயற்கை. மாட்டின் தோல்? அதுவும் இயற்கைதானே! தோல் என்பது புரதம். புரதத்திலே தழைச்சத்து நிறைய உண்டு. தோலைச் சீவிய தூளும், சவ்வும், முடியும், கசடும் மண்ணிலே போட்டால் செடிக்கு உணவாகும் என்று ஒருவர் சொன்னால், வேதியியல்படி அவர் முழுப்பொய் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: பதனிடுவதற்கு முன் விழுந்த கழிவா, பின் விழுந்த கழிவா?

முன் விழுந்ததிலே சுண்ணாம்பும் உப்பும் சல்பைடும் இருக்கும். முறைப்படி பக்குவம் செய்து மக்கவைத்தால் பயன்படுத்த வழியுண்டு. குரோமியத்திலே புரண்டபின் விழுந்த சீவலும் கசடும் அப்படியல்ல. அவை மக்கினாலும் குரோமியம் மக்காது. சாணத்தோடு கலந்தாலும், மண்புழு தின்று கழித்தாலும், குரோமியம் குரோமியமாகவே நிற்கும்.

குரோமியத்திலும் வகை உண்டு. வேதியியலார் 'மூன்று' என்றும் 'ஆறு' என்றும் எண்ணிட்டுச் சொல்வார்கள். தோலிலே ஏற்றப்படுவது மூன்றாம் வகை. மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், எளிதில் நகராது. ஆறாம் வகைதான் கொடியது. தண்ணீரிலே கரைந்து ஓடும். புற்றுநோய்க்குக் காரணமாவது என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது. மூன்று, ஆறாக மாறாது என்று எவரும் உறுதிமொழி கொடுத்துவிட முடியாது. நெருப்பிலே இட்டால் மாறக்கூடும். ஆகையால் தோல் துண்டை அடுப்பிலே எரித்து, அந்தச் சாம்பலை 'சாம்பல் சத்து' என்று செடிக்குத் தூவுவதைப்போல ஆபத்தான சிக்கனம் வேறில்லை!

பீதி கிளப்புவது நம் நோக்கமல்ல. செடி உறிஞ்சும் குரோமியத்திலே பெரும்பகுதி வேரோடு தங்கிவிடுகிறது. காய்க்குப் போவது சொற்பம். ஆனால் வேரையே தின்னும் முள்ளங்கி, பீட்ரூட் உண்டு; மண் தெறித்த கீரை உண்டு; பாத்தி மண்ணிலே விளையாடிவிட்டுக் கையை வாயிலே வைக்கும் குழந்தையும் உண்டு.

இதற்குச் சட்டமே இல்லையா? இருக்கிறது. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, மூட்டையிலே அடைத்து விற்கும் மக்கு உரத்திலே கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது. மூட்டைக்கு எல்லை வகுத்தாயிற்று. டிராக்டரிலே வந்து தெருமுனையிலே கொட்டும் எருவுக்கு? எந்த ஏரியிலே தோண்டியது என்று தெரியாத வண்டலுக்கு? அவற்றை யார் சோதித்தார்கள்? 'இயற்கை' என்ற ஒரு சொல்லைச் சொன்னவுடன் கைகூப்பி வாங்கிக்கொள்கிறோமே, அது பகுத்தறிவா?

'அப்படியானால் யூரியாதான் சரி' என்று மற்றவர் துள்ளி எழ வேண்டாம். அவருக்கும் இந்த ஊர் ஒரு பாடம் வைத்திருக்கிறது. தோல் கெடாதிருக்க உப்பிட்டுக் கொண்டுவருகிறார்கள். ஊறவைத்து அலசும்போது அந்த உப்பு தண்ணீரிலே இறங்குகிறது. அந்த உப்பு பல ஊர்களிலே நிலத்தடி நீரையும் பிடித்துக்கொண்டது. அப்படிப்பட்ட ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாய்ச்சும் பாத்தியிலே, இன்னும் இன்னும் இரசாயன உரம் போட்டால் என்ன ஆகும்? அவையும் உப்புகள்தாமே! பொட்டாசியம் குளோரைடு உப்பின்மேல் உப்பு. வேர் தண்ணீரை இழுக்கத் திணறும். ஈரமிருந்தும் செடி வாடும். 'சத்துப் போதவில்லை' என்று தோட்டக்காரர் மறுபடியும் ஒரு பிடி போடுவார்! உப்பேறிய மண்ணுக்கு மக்கு உரமும் மழைநீருமே முதல் மருந்து.

பெயரைப் பார்த்துத் தீர்ப்பெழுதினால் என்ன நேரும் என்பதைக் கடலுக்கு அப்பால் கண்டோம். 2021இல் இலங்கை அரசு, இனி நாடு முழுவதும் இயற்கை வேளாண்மைதான் என்று சொல்லி, இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவால் தடுத்தது. நெல் விளைச்சல் சரிந்தது. மலையகத் தமிழர் உழைக்கும் தேயிலைத் தோட்டங்களும் அடிபட்டன. மாற்றாகச் சீனாவிலிருந்து வந்ததே ஓர் 'இயற்கை' உரக் கப்பல், அதன் மாதிரியிலே தீங்கான பாக்டீரியா இருப்பதாகச் சொல்லி இலங்கை அதிகாரிகளே அதை இறக்க மறுத்தார்கள்! அந்த ஆண்டு முடிவதற்குள் தடையும் விலகிற்று. பெயர்ப்பலகை பயிர் வளர்க்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரி, என்ன செய்வது? செய்வதற்கு உண்டு.

ஒன்று: எருவை வாங்குவதற்கு முன், வீட்டிலேயே ஆக்கப் பாருங்கள். காய்கறித் தோலும் காய்ந்த சருகும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காத்து, அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு மூன்று மாதத்திலே மக்கு உரம் தயார். சூடு தணிந்து, நாற்றம் போய், மண்வாசம் வந்தால் மக்கிவிட்டது என்று பொருள். பச்சைச் சாணத்தையும் கோழி எச்சத்தையும் அப்படியே செடியடியிலே கொட்டக் கூடாது.

இரண்டு: வாங்குவதாக இருந்தால், எந்த மாட்டுக் கொட்டகை, எந்த ஏரி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். தோல் சீவல், ஆலைக் கசடு, தோல் எரித்த சாம்பல், கழிவுநீர் கலந்த ஏரியின் வண்டல் ஆகியவற்றை, இனாமாகக் கொடுத்தாலும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

மூன்று: செடி வெளிறிக் கிடந்தால் யூரியாவுக்கு அஞ்ச வேண்டாம். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராமுக்கு மேற்படாமல் கரைத்து, ஈரமான மண்ணிலே, தண்டைவிட்டுத் தள்ளி ஊற்றுங்கள். கடலைப் புண்ணாக்கோ வேப்பம் புண்ணாக்கோ கிடைத்தால் இன்னும் நிதானமாகச் சத்துக் கொடுக்கும்.

நான்கு: கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால், கூரையில் விழும் மழைநீரைச் செடிக்குச் சேர்த்து வையுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கித் தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்; உப்பெல்லாம் அதிலேதான் இருக்கிறது.

ஐந்து: மண்ணைப் பற்றி ஐயமிருந்தால், கிழங்கும் கீரையும் தவிர்த்து, கத்தரி, தக்காளி, வெண்டை போன்ற காய்களை நடுங்கள், அல்லது தெரிந்த இடத்து மண்ணைத் தொட்டியிலே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் குடிமக்கள் செய்யலாம். குடிமக்களால் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை.

மண்ணைச் சோதிக்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனை. விரிஞ்சிபுரத்திலே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது; வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. 2015 முதல் மண்வள அட்டையும் வழங்கி வருகிறார்கள். அந்த அட்டையிலே எத்தனை கட்டம்? பன்னிரண்டு. கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். எல்லாம் இருக்கிறது, குரோமியம் இல்லை!

கடலோர ஊருக்கும் அதே அட்டை. கழிவு மலை நின்ற இராணிப்பேட்டைக்கும் அதே அட்டை! காய்ச்சல்காரனுக்கு நெற்றியைத் தொட்டுப் பாராமல், கண்ணையும் காதையும் நகத்தையும் பார்த்து 'நலமே' என்று எழுதிக் கொடுக்கும் மருத்துவரை என்னென்பது? "ஐயம் இருந்தால் தனியார் ஆய்வுக்கூடத்துக்குப் போங்கள்" என்பார்கள். காலையிலே காலணித் தொழிற்சாலைக்குப் போய் அந்தியிலே திரும்பும் பெண், நாலு கத்தரிச் செடிக்காக ஆய்வுக்கூடம் தேடி அலைந்து பணம் கட்டுவாளா?

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானது. அந்த மூன்று மாவட்டத்துக்கும், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றுக்கும், அட்டையிலே பதின்மூன்றாவது கட்டம் வேண்டும். அதிலே குரோமியத்தின் அளவு எழுதப்பட வேண்டும். விளைநில மண்ணோடு, கொல்லை மண்ணையும் தெருவிலே விற்கும் எருவையும் ஏரி வண்டலையும் சோதித்து, ஊர்வாரியாக முடிவை ஊராட்சிச் சுவரிலே ஒட்ட வேண்டும். செலவை யார் ஏற்பது? அதற்கு 1996லேயே விடை எழுதியாயிற்று: மாசு செய்தவர்!

"இது தொழிலுக்குப் பகை, ஆயிரமாயிரம் பேர் பிழைப்பிலே மண் போடுகிற பேச்சு" என்று சிலர் கண்ணைக் கசக்கலாம். ஆலையை மூடு என்று இங்கே எவர் சொன்னார்? அந்த ஆலையிலே உழைக்கிறவனின் கொல்லைதான் இது. அவன் பிள்ளையின் தட்டிலே விழும் கீரைதான் இது. மண்ணிலே என்ன இருக்கிறது என்று அளந்து சொல்வதனால் ஒரு சோடி செருப்பின் ஏற்றுமதியும் குறைந்துவிடாது. சொல்லப்போனால், நம் தோலிலே ஆறாம் வகைக் குரோமியம் இருக்கிறதா என்று ஐரோப்பிய வணிகன் சோதித்துப் பார்த்துத்தான் வாங்குகிறான். அவன் காலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, நம் குழந்தையின் வயிற்றுக்குக் கிடைக்கக் கூடாதா?

இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை அறியாதவர் நம் பக்கம் இல்லை. ஆம்பூர்ப் பிரியாணிக்குப் பக்கத்திலே கத்தரிக்காய் இல்லாவிட்டால் இலையே நிறையாது! அந்த வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எந்த மண்ணிலே விளைந்தது என்பதுதான் அந்தக் காய்க்குப் பெருமை. காய்க்கு ஊர்ப்பெயர் கேட்கிற நாம், அந்தக் காயை வளர்க்கும் எருவுக்கு ஊர்ப்பெயர் கேட்க வேண்டாமா?

உழவைப் பாடிய வள்ளுவர், ஏரோட்டுவதற்கும் மேலான இடத்தை எருவுக்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு, பயிரைக் காப்பதையும் வலியுறுத்தினார். அந்நாளிலே காவல் என்றால் ஆட்டையும் மாட்டையும் விரட்டுவது. இந்நாளிலே வேலி தாண்டி வருவது ஆடு அல்ல. 'இயற்கை' என்ற பெயரிலே எரு மூட்டைக்குள்ளும் அது ஒளிந்துவரக்கூடும். அதைக் கம்பால் விரட்ட முடியாது. கணக்கெடுத்துத்தான் விரட்ட முடியும்.

அந்தக் கணக்கை எழுத ஒரே ஒரு கட்டம் கேட்கிறோம். ஆட்சியிலிருப்போர் அட்டையை எடுக்கட்டும். பதின்மூன்றாவது கட்டத்தை வரையட்டும்!